மைக், இண்டர்ஃபேஸ் வாங்குறதுக்கு முன்னாடி சரியா கேட்டுப் பாக்குறது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஒரு கண்டென்சர் மைக்கை, அதாவது சின்னச் சத்தத்தையும் நுணுக்கமா புடிக்கிற ரகத்தை, கடைல ஹெட்ஃபோன் மாட்டி கேட்டேன், கேட்ட உடனே பிடிச்சுப் போச்சு, குரல் அவ்ளோ தெளிவா காதுக்குள்ளயே உக்காந்து பேசுற மாதிரி இருந்துச்சு, வாங்கிட்டு வந்துட்டேன். வீட்ல முதல் ரெக்கார்டிங்கைப் போட்டுக் கேட்டா ஒவ்வொரு "ச"வும் ஒவ்வொரு "ஸ்"ஸும் ஊசி மாதிரி குத்துது. மைக்ல எந்தப் பழுதும் இல்ல. கடைல குடுத்த ஹெட்ஃபோன் மேல் ஃப்ரீக்வன்சியை அமுக்கிக் காட்டுற ரகம், கெயினை, அதாவது மைக் சிக்னலைப் பெருக்குற அளவை, தாராளமா ஏத்தி வச்சிருந்தாங்க, நான் பேசுனதும் அரை நிமிஷம் "ஹலோ ஹலோ மைக் டெஸ்டிங்" மட்டும்தான், அதுல "ஸ்" வர்றதே ஒரு இடத்துல. திருப்பிக் குடுக்கப் போனப்ப, பெட்டி பிரிச்சாச்சு, வாய் வச்சுப் பேசுன பொருள், எடுக்க முடியாதுன்னுட்டாங்க. அதுக்கப்புறம் நான் பழகிக்கிட்ட முறையைத்தான் இங்க முழுசா எழுதுறேன்.

இது ஏன் இவ்ளோ கஷ்டம்

செருப்பு வாங்கப் போனா காலை விட்டு நாலு எட்டு நடந்து பாத்துடலாம். மைக்ல அது நடக்காது, ஏன்னா நீங்க கேக்குறது மைக்கை மட்டும் இல்ல, வாய்க்கும் மைக்குக்கும் இருக்குற தூரம், அந்த ரூமோட எதிரொலி, மைக் சிக்னலைப் பெருக்குற ப்ரீஆம்ப், கெயின், கடைசியா ஹெட்ஃபோன், இத்தனையும் கலந்து ஒரே சத்தமா காதுக்கு வருது, அதுல மைக்கோட பங்கு எவ்ளோன்னு அந்த நேரத்துல யாராலயும் பிரிச்சுச் சொல்ல முடியாது. இதுக்கு மேல நம்ம ஞாபகம் வேற. ஒரு பாட்டோட மெட்டு வருஷக்கணக்கா மனசுல நிக்கும், ஆனா ஒரு சத்தத்தோட நுணுக்கமான நிறம் சில செகண்டுக்கு மேல நிக்காது. முதல் மைக்கை கழட்டி ரெண்டாவதை மாட்டி கெயின் வைக்கிறதுக்குள்ள முதல்ல கேட்டது மங்கிப் போயிருக்கும், அதுக்கப்புறம் நீங்க ஒப்பிடுறது ஒரு நினைப்போடதான்.

ஆனா ரெக்கார்டிங் சாமான்ல ஒரு பெரிய வசதி இருக்கு, அதை நிறைய பேர் யோசிக்கிறதே இல்ல. ஸ்பீக்கரைக் கேட்டா கேட்டதோட போச்சு. மைக் அப்படி இல்ல, அது ஒரு ஃபைலை விட்டுட்டுப் போகும். அதனால மைக்கை கடைல கேக்காதீங்க, கடைல ரெக்கார்ட் மட்டும் பண்ணுங்க, கேக்குறதை உங்க வீட்ல உங்க ஹெட்ஃபோன்ல வச்சுக்கோங்க. கீழ வர்ற எல்லா ஸ்டெப்பும் இந்த ஒரு விஷயத்தை ஒழுங்கா செய்யுறதுக்குத்தான்.

ஸ்டெப் 1: என்ன குறைன்னு முதல்ல கண்டுபிடிங்க

இப்ப உங்ககிட்ட என்ன இருக்கோ, ஃபோனா இருந்தாலும் சரி, அதுல ரெண்டு நிமிஷம் பேசி ரெக்கார்ட் பண்ணி, எது பிடிக்கலைன்னு ஒரே வரில பேப்பர்ல எழுதுங்க. "பின்னாடி உஸ்ஸுன்னு இரைச்சல்", "குரல் கிணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கு", "ப வந்தா டப்புனு வெடிக்குது" இப்படி. எழுத முடியலைன்னா நீங்க இன்னும் வாங்குற நிலைக்கு வரல, அவ்ளோதான்.

அடுத்து நீங்க பேசப் போற இடத்துல நின்னு பலமா ஒரு கை தட்டுங்க. தட்டுனதுக்கப்புறம் டிர்ர்ருன்னு ஒரு வால் கேட்டா உங்க குறை ரூம்ல இருக்கு, மைக்ல இல்ல. அந்த ரூம்ல நல்ல கண்டென்சர் வச்சா அந்த எதிரொலியை இன்னும் துல்லியமா புடிச்சுக் குடுக்கும். கனமான போர்வையை ரெண்டு பக்கமும் தொங்கவிட்டு, மைக்கை கிட்ட கொண்டு வந்து மறுபடியும் ரெக்கார்ட் பண்ணிப் பாருங்க, பாதிப் பேருக்கு மைக் வாங்குற ஆசை இங்கயே அடங்கிடும்னு நான் உண்மையா நம்புறேன்.

ஸ்டெப் 2: பேப்பர்லயே கழிச்சுக் கட்டுங்க

கடைக்குப் போறப்ப கைல மூணு மைக்குக்கு மேல லிஸ்ட் இருக்கக் கூடாது, பத்து மைக் கேட்டா பத்தும் குழம்பும். கழிக்கிறதுக்கு கம்பெனி போடுற அளவு விவரப் பட்டியல், அதாவது ஸ்பெக் ஷீட் போதும், ஆனா எதைப் பாக்கணும்னு தெரியணும்.

கண்டென்சர்னா முதல்ல செல்ஃப் நாய்ஸ் பாருங்க, மைக் தானா உண்டாக்குற இரைச்சல் அது. நாலாவது தலைமுறை ரோட் என்டி1க்கு 4.5 டெசிபல்னு போட்டிருக்காங்க, ஸ்டுடியோக்கள்ல எல்லாரும் மதிக்கிற நியூமன் யு87 ஏஐக்கு, முன்பக்கச் சத்தத்தை அதிகமா வாங்குற கார்டியாய்டு அமைப்புல 12. இதைப் பாத்து என்டி1 தான் உசத்தின்னு முடிவு பண்ணிடாதீங்க, கிட்ட நின்னு பேசுற, பாடுற வேலைக்கு 12ங்கிறது காதுல விழவே விழாது. ஆனா தூரத்துல இருந்து குருவி சத்தம், மழை சத்தம், மெதுவா வாசிக்கிற வீணை ரெக்கார்ட் பண்றவங்களுக்கு 20ஐத் தாண்டுனா பின்னாடி ஒரு சல்லடை சத்தம் ஓடிட்டே இருக்கும்.

டைனமிக்னா, அதாவது மேடைல பாக்குற மாதிரி முரட்டு ரகம்னா, சென்சிட்டிவிட்டி பாருங்க, ஒரே சத்தத்துக்கு மைக் எவ்ளோ சிக்னல் குடுக்குதுங்கிற அளவு அது. ஷூர் எஸ்எம்7பி ரொம்ப சன்னமா சிக்னல் குடுக்குற மைக், அதுக்கு குறைஞ்சது 60 டெசிபல் கெயின் வேணும்னு கம்பெனியே சொல்லுது. உங்க இண்டர்ஃபேஸ்ல, அதாவது மைக்கை கம்ப்யூட்டரோட இணைக்கிற பெட்டில, அவ்ளோ கெயின் இல்லன்னா, இல்ல கடைசி வரைக்கும் திருப்புனா இரைச்சல் கிளம்புதுன்னா, நீங்க வாங்கப் போறது ஒரு மைக் இல்ல, மைக்கும், சிக்னலை முன்னாடியே கொஞ்சம் ஏத்திக் குடுக்குற ஒரு பூஸ்டரும். இதெல்லாம் கேட்டுத்தான் தெரிஞ்சுக்கணும்னு இல்ல, உக்காந்த இடத்துலயே தெரியும்.

எந்த ஃப்ரீக்வன்சியை மைக் எவ்ளோ வாங்குதுன்னு கோடு போட்டுக் காட்டுற ஃப்ரீக்வன்சி ரெஸ்பான்ஸ் படத்தை நம்பி மட்டும் முடிவு எடுக்காதீங்க. அந்தக் கோட்டை ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு அளவுக்கு வழவழன்னு ஆக்கித்தான் போடுது, மைக்கை எவ்ளோ தூரத்துல வச்சு அளந்தாங்கங்கறதும் மாறும். எங்க மேடு, எங்க பள்ளம்னு ஒரு தோராயம் கிடைக்கும், அவ்ளோதான்.

ஸ்டெப் 3: பையில என்னென்ன எடுத்துட்டுப் போகணும்

உங்க சொந்த ஹெட்ஃபோன். உங்க இண்டர்ஃபேஸும் லேப்டாப்பும், இல்லன்னா எக்ஸ்எல்ஆர், அதாவது மூணு முள்ளு மைக் கேபிள், சொருகுற வசதி உள்ள ஒரு சின்ன ரெக்கார்டர். உங்க எக்ஸ்எல்ஆர் கேபிள். பேப்பர்ல பெருசா எழுதுன டெஸ்ட் வாக்கியங்கள். ஒரு சாவிக்கொத்து. அப்புறம் ஒரு நூல்.

நூல் எதுக்குன்னா தூரத்துக்கு. திறந்த வெளில தூரம் பாதியானா சத்தம் 6 டெசிபல் ஏறும், அதோட கார்டியாய்டு மாதிரி ஒரு பக்கமா வாங்குற பெரும்பாலான மைக்ல வாய் கிட்ட போகப் போக அடித்தொண்டைச் சத்தம் பொங்கும். ஒரு மைக்ல நாலு விரல் தூரத்துலயும் இன்னொன்னுல ஒரு சாண் தூரத்துலயும் பேசிட்டு "முதல் மைக் நல்லா கனமா இருக்கு"ன்னு சொன்னா அது மைக் இல்ல, தூரம். நான் நூல்ல 15 சென்டிமீட்டர்ல ஒரு முடிச்சு போட்டு வச்சிருக்கேன், நூல் முனையை மைக் கிரில் மேல தொட்டு, முடிச்சு உதட்டுல படுற மாதிரி நின்னுட்டு, நூலை எடுத்துட்டு பேச ஆரம்பிப்பேன். பாக்குறவங்களுக்கு வித்தியாசமா தெரியும், தெரியட்டும்.

எல்லாத்தையும் விட முக்கியமானது, உங்களுக்கு நல்லா பழகுன ஒரு மைக்கை கூட எடுத்துட்டுப் போறது. பழைய மைக் எதுவா இருந்தாலும் பரவால்ல, எதுவும் இல்லன்னா ஷூர் எஸ்எம்58 ஒண்ணை யார்கிட்டயாவது கடன் வாங்குங்க, 1966ல இருந்து வித்துட்டு இருக்குற மைக், எங்க கேட்டாலும் கிடைக்கும். இது எதுக்குன்னு சொல்றேன், நல்லா கவனிங்க. அந்த மைக் உங்க வீட்ல எப்படி கேக்கும்னு உங்களுக்குத் தெரியும், ஃபைல் இருக்கு. அதே மைக்ல கடைலயும் ரெக்கார்ட் பண்றீங்க. இந்த ரெண்டு ஃபைலுக்கும் என்ன வித்தியாசமோ அது கடையோட ரூம். கடைல புது மைக்குக்கும் இந்த மைக்குக்கும் என்ன வித்தியாசமோ அது புது மைக். அதாவது கடையோட எதிரொலியை, ஏசி சத்தத்தை, எல்லாத்தையும் கணக்குல இருந்து கழிச்சுட முடியுது. அளவுகோல் இல்லாம அளக்கப் போறதும், இந்த மைக் இல்லாம கடைக்குப் போறதும் ஒண்ணுதான்.

ஸ்டெப் 4: கடைல என்ன பேசணும், என்ன செய்யணும்

கூட்டம் இல்லாத நேரமா பாத்துப் போங்க, கடைக்காரர்கிட்ட முன்னாடியே "ஒரு மைக்குக்கு மூணு நிமிஷம், என் பழைய மைக்கோட சேத்து மொத்தம் நாலு மைக், என் ரெக்கார்டர்லயே எடுத்துக்கறேன்"னு தெளிவா கேட்டுடுங்க, இப்படி கேட்டா பெரும்பாலும் சரின்னுதான் சொல்றாங்க. ஏசியை ரெண்டு நிமிஷம் நிறுத்த முடியுமான்னும் கேளுங்க. ஒவ்வொரு மைக்கையும் மாட்டுனதும் மைக் பேரைச் சொல்லி ஆரம்பிங்க, வீட்டுக்கு வந்தப்புறம் எது எதுன்னு தெரியாம முழிக்கிறதுக்கு இது ஒண்ணுதான் மருந்து.

முதல்ல 15 செகண்ட் வாயைத் திறக்காம நில்லுங்க, இரைச்சலை அப்புறம் இதுல கேக்கலாம். அடுத்து சாதாரணமா பேசுங்க, நீங்க வழக்கமா பேசுற விஷயத்தையே. பாடுறவங்களா இருந்தா கீழ் ஸ்தாயில ரெண்டு வரி, மேல் ஸ்தாயில ரெண்டு வரி. அதுக்கப்புறம்தான் எழுத்துச் சோதனை, இதுல கொஞ்சம் நேரம் செலவழிங்க.

இங்கிலீஷ் மைக் ரிவ்யூல பாத்தா "பி" வெடிக்கிறதைப் பத்திதான் பெருசா பேசுவாங்க, ஏன்னா அந்த மொழில சொல் ஆரம்பத்துல வர்ற "ப" காத்தைத் தள்ளிட்டு வரும். நம்ம "ப"ல அந்த அளவு காத்து கிடையாது, உதட்டுக்கு முன்னாடி உள்ளங்கையை வச்சு "படம்"னு சொல்லிப் பாருங்க, தெரியும். ஆனா கோவமா, வேகமா, அழுத்திச் சொல்றப்ப "அப்பப்பா", "தப்பு", "ஃபோன்" இதெல்லாம் காத்தடிக்கும், அதனால சாதாரணமாவும் சொல்லுங்க, உணர்ச்சியாவும் சொல்லுங்க. ஊசிக் குத்தலுக்கு "சின்னச் சின்னச் செய்தி சீக்கிரம் சொல்லு, பஸ் ஸ்டாண்டு வாசல்ல சந்திப்போம்". தெளிவுக்கு ல, ள, ழ: "ஏழைக் கிழவன் வியாழக்கிழமை வழுக்கி விழுந்தான், கல்லும் கள்ளும் ஒண்ணில்ல". இதுல ழ வந்து ள மாதிரி மழுங்குற மைக் கதை சொல்றவங்களுக்கும் செய்தி வாசிக்கிறவங்களுக்கும் ஆகாது. மூக்குச் சத்தத்துக்கு "அங்கங்க பஞ்சு மூட்டை, மண்ணுல பந்து". கீழ் நடு ஃப்ரீக்வன்சி வீங்கியிருக்குற மைக்ல இந்த வரி சளி புடிச்ச மாதிரி கேக்கும்.

பேசி முடிச்சதும் தூரத்தை மாத்தாம மைக்கோட பக்கவாட்டுக்கும் பின்னாடிக்கும் பேசிட்டே ஒரு சுத்து சுத்தி வாங்க. நல்ல கார்டியாய்டுல பின்னாடி போறப்ப குரல் சன்னமாகும், ஆனா குரலோட நிறம் ரொம்ப மாறாது. மலிவான சிலதுல பின்னாடி போனா டப்பாக்குள்ள பேசுற மாதிரி ஆகும், அந்த மைக் உங்க ரூமோட எதிரொலியையும் அதே டப்பா சத்தத்தோடதான் வாங்கும். கார்டியாய்டை விட இன்னும் குறுகலா வாங்குற சூப்பர்கார்டியாய்டுக்கு நேர் பின்னாடி இல்ல, சுமார் 126 டிகிரில, அதாவது பின்பக்கம் ரெண்டு ஓரத்துலயும்தான் காது மந்தமா இருக்கும், அதை மனசுல வச்சுக்கோங்க.

கடைசியா சாவிக்கொத்து. மைக்ல இருந்து ஒரு முழம் தள்ளி குலுக்குங்க. சாவிச் சத்தத்துல மேல் ஃப்ரீக்வன்சி நிறைய, அதுவும் திடீர் திடீர்னு வரும், சமாளிக்க முடியாத மைக்கும் ப்ரீஆம்பும் அதை கரகரன்னு கண்ணாடித் தூள் மாதிரி ஆக்கிடும். அப்புறம் ஸ்டாண்டை விரலால லேசா ரெண்டு தட்டு, மைக் அதிர்வை எவ்ளோ வாங்குதுன்னு பாக்க. முடிஞ்சது, அடுத்த மைக்.

ரெண்டு மைக்கையும் ஒட்டி ஒட்டி வச்சு ஒரே நேரத்துல ரெண்டு சேனல்ல எடுக்க முடிஞ்சா இன்னும் நல்லது, அதே மூச்சு அதே பேச்சு ரெண்டுலயும் விழும். ஆனா ஒரு தடவை எடுத்துட்டு இடத்தை மாத்தி வச்சு இன்னொரு தடவையும் எடுங்க.

ஸ்டெப் 5: வீட்ல லெவலை சமமாக்குங்க

இதைச் செய்யாம கேட்டா இதுவரைக்கும் பட்ட பாடெல்லாம் வீண். நம்ம காது எல்லா ஃப்ரீக்வன்சியையும் ஒரே மாதிரி கேக்குறதில்ல, அதுவும் சத்தத்தோட அளவைப் பொறுத்து மாறும்னு 1933லயே அமெரிக்காவோட பெல் லேப்ஸ் ஆராய்ச்சிக் கூடத்துல ஃப்ளெட்சரும் மன்சனும் அளந்து காட்டிட்டாங்க. சத்தம் கொஞ்சம் ஏறுனா அடிச் சத்தமும் கூடுதலா கேக்கும். ஒரு டெசிபலுக்கும் குறைவான வித்தியாசத்தை நம்ம மூளை "இது சத்தமா இருக்கு"ன்னு சொல்லாது, "இது தெளிவா இருக்கு, உயிரோட இருக்கு"ன்னுதான் சொல்லும். கடைல என்னை ஏமாத்துனது முக்கால்வாசி இதுதான்.

செய்யுறது சுலபம். எல்லா ஃபைலையும் எடிட்டிங் சாஃப்ட்வேர்ல தனித்தனி ட்ராக்ல போடுங்க, எல்லாத்துலயும் அதே பத்தியை மட்டும் வெட்டி எடுங்க, ஒவ்வொண்ணோட எல்யூஎஃப்எஸ் அளவை, அதாவது காதுக்கு எவ்ளோ சத்தமா கேக்கும்னு காட்டுற எண்ணைப் பாத்து எல்லாத்தையும் ஒரே எண்ணுக்குக் கொண்டு வாங்க, 0.2க்குள்ள வித்தியாசம் இருந்தா போதும். அந்த 15 செகண்ட் அமைதியும் அதே அளவு ஏறணும், அப்பதான் ஒரு மைக்கோட இரைச்சல் இன்னொன்னோட இரைச்சலுக்கு நேர்மையா நிக்கும்.

ஸ்டெப் 6: பேர் தெரியாம கேளுங்க

வீட்ல யார்கிட்டயாவது குடுத்து ஃபைல் பேரை க, ங, சன்னு மாத்தச் சொல்லுங்க, எது எதுன்னு அவங்க மட்டும் ஒரு சீட்டுல எழுதி வச்சுக்கட்டும். உடனே சிலர் "எனக்கு அதெல்லாம் வேணாம், என் காது ஏமாறாது"ன்னு சொல்லுவாங்க. 1994ல ஃப்ளாய்ட் டூல், ஷான் ஆலிவ்ங்கிற ரெண்டு ஆடியோ ஆராய்ச்சியாளர்கள் ஒரே ஸ்பீக்கர்களை கண்ணுக்குத் தெரிய வச்சும் திரை போட்டு மறைச்சும் கேக்க வச்சாங்க, பாத்துட்டுக் கேட்டப்ப மதிப்பெண் மாறுச்சு, பழக்கப்பட்ட காதுக்காரங்களுக்கும் மாறுச்சு. மைக்கோட விலையும் பேரும் கண்ணுக்குத் தெரிஞ்ச பிறகு அதைக் காதுல இருந்து எடுக்க முடியாது.

மைக்குக்கு வித்தியாசம் கண்டிப்பா கேக்கும், அதனால "வித்தியாசம் தெரியுதா"ன்னு இல்ல, "எது பிடிக்குது"ன்னு வரிசைப்படுத்துங்க, ஒரு நாள் விட்டு மறுபடியும் பேரைக் கலைச்சு வரிசைப்படுத்துங்க, ரெண்டு தடவையும் ஒரே வரிசை வந்தா நம்பலாம். நீங்க வழக்கமா போடுற ஈக்யூவும் (ஃப்ரீக்வன்சியை ஏத்தி இறக்குறது) கம்ப்ரஸரும் (சத்தத்தோட ஏத்த இறக்கத்தைக் குறைக்கிறது) போட்டும் கேளுங்க, கம்ப்ரஸ் பண்ணி 10 டெசிபல் ஏத்துனா இரைச்சலும் அதே 10 ஏறும், சும்மா கேட்டப்ப சுத்தமா இருந்த மைக் அப்பதான் சாயம் வெளுக்கும்.

ப்ரீஆம்ப், இண்டர்ஃபேஸ் விஷயம் வேற. இங்க முதல் கேள்வியே வித்தியாசம் கேக்குதாங்கிறதுதான். ஏ ஒண்ணு, பி ஒண்ணு, அப்புறம் அந்த ரெண்டுல எதுன்னு சொல்லாம எக்ஸ்னு ஒண்ணைப் போட்டுக் காட்டச் சொல்லி, எக்ஸ் எதுன்னு கண்டுபிடிக்கணும், இதைப் பல தடவை செய்யணும். 10க்கு 7 சரியா சொல்லிட்டா பெருமைப்படாதீங்க, காதைப் பொத்திட்டு குத்துமதிப்பா சொன்னாலே 7 அல்லது அதுக்கு மேல வர்றதுக்கு 17 சதவீதம் வாய்ப்பு இருக்கு. 16க்கு 12 வந்தா அந்த வாய்ப்பு 4 சதவீதத்துக்கும் கீழ போயிடும், அப்ப ஏதோ கேக்குதுன்னு அர்த்தம். வரலைன்னா ரெண்டுல மலிவானதை நிம்மதியா வாங்குங்க.

ஸ்டெப் 7: இண்டர்ஃபேஸை எப்படி சோதிக்கிறது

ஈஐஎன்னு ஒரு அளவு போட்டிருப்பாங்க, ப்ரீஆம்போட இரைச்சல். 150 ஓம் சோர்ஸுக்கு இயற்கை அனுமதிக்கிற எல்லையே சுமார் மைனஸ் 131 டிபியு (மின் சிக்னலை அளக்குற டெசிபல் அலகு, மைனஸ் கூடக் கூட இரைச்சல் கம்மி), அதனால மைனஸ் 128, 129ன்னு போட்டிருக்குற ரெண்டு பெட்டியை வச்சு சண்டை போடுறதுல பலன் இல்ல. நீங்க பாக்க வேண்டியது உங்க மைக்கை மாட்டி, உங்களுக்குத் தேவையான கெயின்ல, இரைச்சல் எப்படி இருக்குன்னுதான், குறிப்பா கெயின் குமிழோட கடைசிக் கால் சுத்துல.

உங்க கம்ப்யூட்டர்ல ட்ரைவர், அதாவது இண்டர்ஃபேஸை ஓட்டுற சாஃப்ட்வேர், எப்படி ஓடுதுன்னு பாக்காம இண்டர்ஃபேஸ் வாங்கக் கூடாது. 48 கிலோஹெர்ட்ஸ்ல 64 சாம்பிள் பஃபர்னா, அதாவது கம்ப்யூட்டர் ஒரு தடவைக்குச் சேத்து வச்சு அனுப்புற துண்டு அவ்ளோன்னா, தாமதம் கணக்குப்படி ஒரு திசைக்கு 1.3 மில்லிசெகண்ட்தான், ஆனா உள்ள போய் வெளிய வர்ற உண்மையான நேரம் ட்ரைவரைப் பொறுத்து அதைவிட நல்லாவே அதிகமா இருக்கும். அவுட்புட்டை இன்புட்டுக்கு ஒரு கேபிளால இணைச்சு ஒரு க்ளிக் சத்தத்தை அனுப்பி ரெக்கார்ட் பண்ணா எவ்ளோ தள்ளி விழுதுன்னு கண்ணாலயே பாக்கலாம். இதைக் கடைல உங்க லேப்டாப்ல அஞ்சு நிமிஷத்துல செஞ்சுடலாம்.

மானிட்டர் ஸ்பீக்கருக்கு மட்டும் இந்த முறை எதுவும் செல்லாது, அது ஃபைலை விட்டுட்டுப் போகாது. ஸ்பீக்கர் பின் சுவர்ல இருந்து 85 சென்டிமீட்டர் தள்ளி இருந்தா சுவர்ல பட்டுத் திரும்புற சத்தம் 100 ஹெர்ட்ஸ் பக்கத்துல நேர்ச் சத்தத்தை அடிச்சுப் போட்டுடும், கடைல அந்தத் தூரம் வேற, உங்க ரூம்ல வேற. திருப்பிக் குடுக்க விடுற இடத்துல வாங்கி வீட்ல வச்சுக் கேக்குறது தவிர வழி இல்ல.

ஸ்டெப் 8: கடையே இல்லன்னா

நிறைய பேரோட நிலைமை இதுதான், வேண்டிய மைக்கை யாரும் கண்ணுலயே காட்ட மாட்டாங்க. எனக்கு ரொம்பப் பிடிச்ச வழி, அந்த மைக் இருக்குற ஸ்டுடியோல ஒரு மணி நேரம் வாடகைக்கு எடுக்குறது. "பாட வரல, இந்த மைக்கைக் கேட்டுப் பாக்கணும்"னு நேராவே சொல்லுங்க, உங்க பழைய மைக்கையும் கூட எடுத்துட்டுப் போங்க. மைக் விலையோட ஒப்பிட்டா அந்த வாடகை கம்மிதான், கூடவே அங்க இருக்குற இஞ்சினியர் உங்க குரலைக் கேட்டுட்டு ஒரு வார்த்தை சொல்லுவார், அது தனி லாபம். வாடகைக்கு சாமான் விடுறவங்ககிட்ட ரெண்டு நாள் எடுக்குறதும் நல்ல வழி.

ஆன்லைன்ல வாங்குறதா இருந்தா பெட்டி பிரிச்ச மைக்கை எடுத்துப்பாங்களான்னு பணம் கட்டுறதுக்கு முன்னாடியே எழுத்துல கேட்டு வாங்கிடுங்க. பெட்டி வந்த அன்னைக்கே முழு சோதனையும் செஞ்சுடுங்க, பாலித்தீன், ஃபோம், சின்னச் சின்ன பேப்பர் வரைக்கும் பத்திரமா வைங்க, திருப்புறதுக்கான கடைசித் தேதிக்கு ரெண்டு நாள் முன்னாடி ஃபோன்ல அலாரம் போடுங்க.

வீடியோல வர்ற மைக் ஒப்பீடுகளை எப்படி பாக்கணும்னா, லெவலை சமமாக்குனேன்னு சொல்றாங்களா, தூரத்தைக் காட்டுறாங்களா, எந்த ஈக்யூவும் போடலன்னு சொல்றாங்களா, சுருக்காத வேவ் ஃபைலைத் தர்றாங்களா, இந்த நாலும் இருந்தா நேரம் குடுங்க. வீடியோ தளம் ஆடியோவைச் சுருக்கித்தான் அனுப்பும், இரைச்சலோட தன்மையும் "ஸ"வோட கூர்மையும் அதுல மாறிடும். இன்னொண்ணு, அது அவங்க குரல். கனத்த ஆண் குரலுக்கு அற்புதமா இருக்குற மைக் மெல்லிய குரலுக்கு வெறும் குத்தலா இருக்கலாம்.

ஸ்டெப் 9: பழைய சாமான் வாங்குறப்ப

கண்டென்சரை ஃபாண்டம் பவர்ல, அதாவது மைக் கேபிள் வழியா இண்டர்ஃபேஸ் குடுக்குற கரண்டுல, மாட்டி 20 நிமிஷம் விட்டுட்டு ஹெட்ஃபோன்ல அமைதியைக் கேளுங்க. பொரியிற மாதிரி படபடன்னு வந்தா உள்ள ஈரம் ஏறியிருக்கலாம், இல்ல சத்தத்தை வாங்குற உள் பாகமான கேப்சூல் போயிட்டு இருக்கலாம். கேபிளை சொருகுற இடத்துல லேசா அசைச்சுப் பாருங்க. எஸ்எம்58 ரொம்ப மலிவா கிடைச்சா சந்தேகப்படுங்க, அதோட போலி ஏராளமா சுத்துது, ஒரிஜினலை பக்கத்துல வச்சு ஒரே தூரத்துல அந்த "சின்னச் சின்னச் செய்தி" வரியைப் பேசி ரெக்கார்ட் பண்ணிப் பாக்கலாம்.

எடுத்த ஃபைல் எதையும் அழிக்காதீங்க. மைக் பேர், தேதி, தூரம், கெயின், எந்த ப்ரீஆம்ப், இவ்ளோவும் ஃபைல் பேர்லயே இருக்கட்டும். என் கம்ப்யூட்டர்ல அப்படி ஒரு ஃபோல்டர் இருக்கு, 11 மைக், எல்லாத்துலயும் அதே ஏழைக் கிழவன் வியாழக்கிழமை வழுக்கி விழுறான், ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துலயே அதே இடத்துல அதே நாள்ல எடுத்த எஸ்எம்58 ஃபைல். முதல் ஃபைல் அந்தக் குத்துற கண்டென்சரோடது, புது மைக் எதைக் கேட்டாலும் இன்னும் அதுல இருந்துதான் ஆரம்பிக்கிறேன்.